அரிசிச் சோறு சாப்பிட்டும் வந்த வாந்தி: குமரி மாவட்டப் பூங்கா உணவகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பத்து வயதுச் சிறுமி. சீலியாக் நோய் உள்ளவள். கோடை விடுமுறையில் குமரி மாவட்டத்தின் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தோடு போனாள். மதியம் அங்குள்ள உணவகத்தில் சோறு, சாம்பார், ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டாள். பூரியையும் பரோட்டாவையும் தொடவில்லை. ஐஸ்கிரீமைக்கூடக் கோன் வேண்டாம் என்று கப்பில்தான் வாங்கினாள். இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கியது. இரவெல்லாம் வயிற்றுவலி, மறுநாள் வயிற்றுப்போக்கு, அதன்பின் சில நாட்கள் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு.

"எல்லாம் அரிசிதானே சாப்பிட்டாள், பிறகு எப்படி?" என்று பாட்டி கேட்டார். உணவியலாளராக என்னிடம் வந்தது இந்தக் கேள்விதான். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்களின் பெயர், பூங்காவின் பெயர் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

தந்தைக்குத் தக்கலைப் பக்கம் சொந்த ஊர். படைப்பிரிவுப் பணியில் பஞ்சாபில் இருந்தபோது அங்கேயே திருமணம், தாய் பஞ்சாபி. மகள் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை, வயிறு எப்போதும் உப்பியே இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. ஆறு வயதில் அங்குள்ள மருத்துவர் டி.டி.ஜி. எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் செய்து சீலியாக் என்று உறுதிப்படுத்தினார். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும் நோய் இது. இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே சிகிச்சை.

வடக்கே இந்த நோய் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கம். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வின்படி, வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தென்னிந்தியாவில் 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருக்கிறது. சோறு உண்ணும் நாட்டில் அரிதாக இருப்பதாலேயே நம் சமையற்காரர்கள் இதைக் கேள்விப்பட்டதில்லை. இந்தச் சிறுமியைப் பொறுத்தவரை, அவளுக்குத் தோதான சாப்பாடு இங்கே நிறைய இருக்கிறது. அவளுடைய நோயை அறிந்தவர்கள் பஞ்சாபில் இருக்கிறார்கள். நடந்தது முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடந்தது.

பாட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேத்தி ஊருக்கு வரும் ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்பே அவர் சாம்பார்ப் பொடியை வீட்டிலேயே வறுத்துத் திரித்து வைத்துவிடுவார். அவளுக்கென்று தனித் தோசைக்கல், தனிப் புட்டுக்குழல். பூங்காவுக்குப் போன அன்றும் அதிகாலையில் எழுந்து இடியப்பமும் முட்டைக் கறியும் செய்து டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்தார்.

அந்த டிபன் பாக்ஸ் பூங்கா வாசலைத் தாண்டவில்லை. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி தடுத்தார். தந்தை கைப்பேசியில் மருத்துவ அறிக்கையைக் காட்டியும் பயனில்லை. விதியைத் தளர்த்தும் அதிகாரம் தனக்கில்லை என்றார் அவர். டிபன் பாக்ஸ் காருக்குள் போயிற்று. கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் நான்கு மணி நேரம் கிடந்த முட்டைக் கறியை எந்தத் தாயும் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாள். ஆகவே உள்ளேயே சாப்பிட வேண்டியதாயிற்று.

உணவகத்தில் சிறுமியின் அத்தைதான் விசாரித்தார். "தம்பி, இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. இதில் கோதுமை, மைதா ஏதாவது உண்டா?"

"இல்லை அக்கா, இதெல்லாம் அரிசிச் சாப்பாடுதான். பயப்படாமல் கொடுங்கள்."

வேறு காரணம் இருக்கலாமா

குளூட்டன்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் மற்றவற்றை விலக்கியாக வேண்டும். ராட்டினத்தில் சுற்றியதால் வந்த குமட்டலா? அவள் சாப்பாட்டுக்கு முன்பே ராட்டினத்தை விட்டு இறங்கிவிட்டாள், மதியத்துக்குப் பின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தாள். கெட்டுப்போன உணவா? அத்தையின் பிள்ளைகள் அதே சாம்பார், அதே ரசம், கூடவே பூரியும் கோழி வறுவலும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளத்துத் தண்ணீரை விழுங்கியிருக்கலாமே என்றால், அதில் மற்றவர்களும்தான் குதித்தார்கள். நேரக் கணக்கும் பொருந்துகிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் குளூட்டன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்திருக்கின்றன.

ரத்தத்தில் இதை நிரூபிக்க முடியாது. ஒருமுறை தவறிச் சாப்பிட்டதை டி.டி.ஜி. அளவு காட்டிக்கொடுக்காது, அது பல மாதப் போக்கைக் காட்டும் அளவுகோல். ஆகவே மீதி இருந்த ஒரே வழி, சமையலறைக்குள் போய்ப் பார்ப்பது. அத்தையும் நானும் போனோம். மேலாளர் மறுக்காமல் உள்ளே விட்டார், தலைமைச் சமையற்காரரைக் கூடவே நிறுத்தினார். இதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

சமையலறையில்

சமையற்காரர் குளச்சல் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் நின்றார். "என் சமையலில் குறை என்று இதுவரை யாரும் வந்ததில்லை" என்றார். "குறை சொல்ல வரவில்லை அண்ணாச்சி. அந்தப் பிள்ளையின் தட்டுக்கு என்னென்ன எங்கிருந்து வந்தது என்று மட்டும் காட்டுங்கள்" என்று அத்தை சொன்னதும் இளகினார். ஒவ்வொன்றாகக் காட்டினார்.

சோறு வெந்த பாத்திரத்தில் குறையில்லை. சாம்பாருக்குக் காய், பருப்பு, புளி, பொடி. பொடியின் பொட்டலத்தைப் படித்தோம், அதிலும் ஒன்றுமில்லை. தாளிப்புக்கு என்ன போடுவீர்கள் என்று கேட்டேன். கடுகு, வற்றல், கறிவேப்பிலை, காயம் என்றார். காய டப்பாவைக் கேட்டேன்.

மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய வெள்ளை டப்பா. முகப்பில் 'கூட்டுப் பெருங்காயம்' என்றிருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே வாசித்தார்: கோதுமை மாவு, உண்ணத்தக்க கோந்து, பெருங்காயம். வாசித்துவிட்டுத் திரும்பவும் ஒருமுறை வாசித்தார். "இத்தனை வருடமாக இதைக் கையில் எடுக்கிறேன். இதற்குள் மாவு இருக்கிறதென்று எனக்கு யாரும் சொன்னதில்லையே" என்றார்.

அவர் மேல் தவறில்லை. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியொன்றின் வேரிலிருந்து வடியும் பிசின். அப்படியே பயன்படுத்த முடியாத அளவு நெடியும் பிசுபிசுப்பும் உள்ளது. அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் சந்தைக்கு வருகிறது. சில நிறுவனங்கள் அரிசி மாவு கலக்கின்றன, பல கோதுமை மாவையே கலக்கின்றன. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் டப்பா இது. சிட்டிகைதானே, அதனால் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு பேருக்கான சாம்பாரில் அவர் போடுவது 30 கிராம் அளவு. அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் 15 கிராம். நூறு கிராம் மாவில் ஏறத்தாழ 8 கிராம் குளூட்டன். ஆக, அண்டா முழுவதற்கும் 1.2 கிராம், ஆளுக்கு 12 மில்லிகிராம். ரசத்திலும் அதே காயம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோரின் குடல் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் தாங்கிக்கொள்ளும் என்பதே ஆய்வுகள் சொல்லும் எல்லை. ஒரு சப்பாத்தியில் இருப்பது சுமார் இரண்டரை கிராம். அதில் 250-இல் ஒரு பங்குதான் இந்த 10 மில்லிகிராம். சோற்றின் மேல் ஊற்றிய சாம்பாரே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது.

அடுத்தது எண்ணெய்ச் சட்டி. காலையில் அதில் பூரி, பிறகு வாழைக்காய் பஜ்ஜி, பதினொன்றரைக்கு மேல் மைதா தடவிய காலிஃபிளவர், ரொட்டித்தூள் புரட்டிய கோழித்துண்டுகள். இடையிடையே உருளைக்கிழங்கும் அப்பளமும். எண்ணெய் மாலையில்தான் மாறும். சமையற்காரர் ஜல்லிக்கரண்டியை அடிவரை விட்டு அள்ளிக் காட்டினார். கருகிய மாவுப் பொருக்குகள், ரொட்டித்தூள், அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஓர் உருளைக்கிழங்குத் துண்டு. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையால்தான் அன்று அந்த வறுவலைப் பிள்ளையின் தட்டில் வைத்திருந்தார்.

கொதிக்கும் எண்ணெயில் எல்லாம் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கிருமி செத்துப்போகும், குளூட்டன் புரதம் அப்படிப் போய்விடாது. 2021-இல் அமெரிக்காவில், கோதுமைப் பண்டங்களும் பொரிக்கும் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவலை உணவகங்களிலிருந்து வாங்கிச் சோதித்தார்கள். 20 பொட்டலங்களில் 9-இல் குளூட்டன் இருந்தது. அந்தக் கிழங்கில் கோதுமையே கிடையாது.

மூன்றாவது, பரிமாறும் மேசை. சோற்றுக்குப் பக்கத்தில் நூடுல்ஸ். கரண்டி ஒன்று இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வருவதை நாங்கள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பார்த்தோம். பரோட்டா போடும் இடமும் அருகில்தான். மாவைத் தட்டும்போதெல்லாம் மைதா புகையாக எழுந்து படிகிறது. ஐஸ்கிரீம் கடையில் எல்லா வகைக்கும் ஒரே கரண்டி, ஒரே தண்ணீர்க் குவளை.

இவற்றில் எது அவளைப் படுக்க வைத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் மதிப்பீட்டில் எண்ணெய்ச் சட்டி முதல் காரணம், காயம் இரண்டாவது. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தன.

கேட்ட கேள்வி

அத்தையின் கேள்வியும் நேர்மையானது, பரிமாறிய தம்பியின் பதிலும் நேர்மையானது. அப்படியிருந்தும் பிள்ளை விழுந்தாள். 'இதில் கோதுமை இருக்கிறதா' என்று கேட்டால் எந்த ஊழியரும் தட்டில் இருக்கும் பண்டத்தைத்தான் பார்ப்பார். கிழங்கு கிழங்குதான், சோறு சோறுதான். கேட்க வேண்டியது பண்டத்தைப் பற்றி அல்ல, பாத்திரத்தைப் பற்றி: இந்த எண்ணெயில் இதற்கு முன் என்ன பொரித்தீர்கள்? இந்தக் கல்லில் ரவா தோசையோ பரோட்டாவோ போடுவீர்களா? என்ன காயம்? இந்தக் கேள்விகளுக்குப் பரிமாறுபவரிடம் பதில் இருக்காது. சமைப்பவரிடம் நிச்சயம் இருக்கும், அதுவும் சட்டென்று வரும். 'குளூட்டன்' என்ற சொல்லைக் கேட்டு விழித்த அதே அண்ணாச்சி, எண்ணெயைப் பற்றிக் கேட்டதும் காலையிலிருந்து அதில் விழுந்த அத்தனையையும் வரிசையாக ஒப்பித்தார்.

இந்த மாவட்டத்தின் சாப்பாட்டை எண்ணிப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், ஆப்பம், இடியப்பம், அரிசிப் புட்டு, தீயல், அவியல், தேங்காய் எண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் வற்றல், மட்டிப்பழம், நுங்கு. சீலியாக் உள்ள ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட இதைவிட வளமான பந்தி எங்கே கிடைக்கும்? ஆனால் பூங்காக்களின் உணவகத்தில் இவற்றில் எதுவுமே இருப்பதில்லை. வெளியூர்ப் பயணிகளுக்காக நூடுல்ஸ், பூரி, பொரித்த கோழி. நம் பண்டங்களிலும் கண்ணி இல்லாமல் இல்லை. முந்திரிக்கொத்தின் மேல்மாவு வீட்டில் பெரும்பாலும் அரிசி. கடையில் மைதாவாக இருக்கலாம். பழம்பொரிக்கு மைதா. மீன் வறுக்கும் மசாலாவில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் மைதா சேர்ப்பவர்கள் உண்டு. கோதுமைப் புட்டு அவித்த குழலிலேயே அரிசிப் புட்டும் வேகும். தோசை முறுகலாக வர மாவில் ரவை கலக்கும் ஓட்டல்களும் இருக்கின்றன.

வெளியே எப்படி

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1971 முதல் இயங்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் சீலியாக் உள்ள குடும்பங்கள் துணிந்து போகின்றன. அதன் உணவகங்கள் பலவற்றில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கான தனி உணவுப்பட்டியல் உண்டு. கேட்டால் சமையற்காரரோ பயிற்சி பெற்ற ஊழியரோ வந்து பேசுவார். சில இடங்களில் பொரிப்பதற்குத் தனிச் சட்டியும் உண்டு. அவ்வளவு பெரிய நிறுவனமே தன்னிடம் தனிச் சமையலறை இல்லை, முழு உத்தரவாதம் தர முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. எனக்கு அங்கே பிடித்தது வேறொன்று: சொந்தத் தேவைக்கான உணவை உள்ளே எடுத்துப்போக அனுமதி உண்டு. அந்த ஓர் அனுமதி இங்கே இருந்திருந்தால் பாட்டியின் இடியப்பம் பேத்தியின் வயிற்றுக்குப் போயிருக்கும், இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

இந்தியாவிலும் விதி இல்லாமல் இல்லை. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். கோதுமை கலந்திருந்தால் பொட்டலத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். காய டப்பா உண்மையைச் சொன்னது அதனால்தான். 2020-இன் விதிகள் உணவுப்பட்டியலிலும் ஒவ்வாமைத் தகவல் கேட்கின்றன, ஆனால் மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளைகள் வைத்திருக்கும் உணவகங்களிடம்தான். ஒற்றைப் பூங்காவின் ஒற்றை உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டாம் முறை

விடுமுறை முடியும் முன் சிறுமி மறுபடி அந்தப் பூங்காவுக்கே போக ஆசைப்பட்டாள். தாய்க்கு மனமில்லை. போகட்டும் என்று நான் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பயந்து பிள்ளை கூட்டத்திலிருந்து ஒதுங்கப் பழகிவிட்டால், அது குடலுக்கு வந்த நோயைவிடப் பெரிய கேடு.

இம்முறை மருத்துவரின் கடிதத்தை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுத்து டிபன் பாக்ஸுக்கு எழுத்தில் அனுமதி வாங்கினார் தந்தை. முந்தைய நாள் சமையற்காரரோடு அத்தை பேசினார். கூட்டம் சேரும் ஒன்றரை மணிக்குப் பதிலாகப் பதினொன்றரைக்கே உட்காருவது என்று முடிவாயிற்று. அவித்த மரச்சீனிக்கிழங்கு, காயம் சேர்க்காத மீன்கறி, அண்டாவிலிருந்து நேரே எடுத்த சோறு, தயிர். அப்பளம் மட்டும் சிறிய சட்டியில் புது எண்ணெய் ஊற்றித் தனியே பொரிப்பதாக அவரே முன்வந்தார்.

அன்றும் ஓரிடத்தில் பிசகப் பார்த்தது. பிள்ளை ஆசைப்படுவாள் என்று புதுச் சட்டியில் கொஞ்சம் ஃப்ரைட் ரைஸ் கிளறித் தருவதாகச் சமையற்காரர் அன்போடு கிளம்பினார். தாய் சோயா சாஸ் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது சொல்லே கோதுமை. சோயா சாஸைப் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே புளிக்க வைக்கிறார்கள். "சாஸ் இல்லாமல் முட்டை போட்டுக் கிளறித் தருகிறேன் மக்களே, சாப்பிடுவாயா?" என்று அவர் சிறுமியிடம் கேட்டார். தலையாட்டினாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று மாலையும் இரவும் மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நலமாக இருந்ததால் அந்தச் சமையலறை பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். அன்று அவளுக்கென்று ஒருவர் நின்று சமைத்தார். பூங்கா பிறகு அரிசி மாவு கலந்த காயத்துக்கு மாறிவிட்டது, விலை வித்தியாசம் பெரிதில்லை என்றார் மேலாளர். தனி எண்ணெய்ச் சட்டிக்கு இடமில்லை என்கிறார்கள், ஆகவே வறுவல் அவளுக்கு அங்கே இன்னும் ஆகாது. வெளி உணவுக்கான அனுமதி இன்றும் கடிதம் கொண்டுவருபவர்களுக்கு மட்டும்தான். பத்து வயதுப் பிள்ளையின் டிபன் பாக்ஸுக்குக் கடிதம் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிர்வாகத்துக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

குடும்பத்துக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். வேண்டியவர்கள் அப்படியே படியெடுத்துக்கொள்ளலாம்:

"இந்தப் பிள்ளைக்குக் குடல் நோய் இருக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் துளியும் ஆகாது. பூரி, பஜ்ஜி பொரித்த எண்ணெயில் பொரித்ததும், பரோட்டா, ரவா தோசை போட்ட கல்லில் சுட்டதும் ஆகாது. கூட்டுப் பெருங்காயம், சோயா சாஸ் வேண்டாம். கழுவிய பாத்திரம், கழுவிய கரண்டி, புது எண்ணெய் போதும். அரிசி, கிழங்கு, பருப்பு, மீன், முட்டை, தயிர், பழம் எல்லாம் சாப்பிடுவாள். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்படமாட்டோம்."

அட்டையைக் கல்லாவிலோ பரிமாறுபவரிடமோ கொடுத்துவிட்டு வந்து உட்காராதீர்கள். சமையலறை வாசல் வரை போய்ச் சமைப்பவர் கையில் கொடுத்து, அவர் வாசித்து முடிக்கும்வரை நின்று, கடைசி வரிக்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.